வெள்ளை மாடிக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

தம்பி, அந்த ஜன்னல் சீட்டில் உட்காராதீர்கள். இந்தப் பக்கம் வாருங்கள். காரணம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பஸ் மேற்கே போகும். வெயில் முதுகுப் பக்கம், யாருக்கும் தொந்தரவில்லை. ஊர் தாண்டியதும் தெற்கே திரும்பும். அப்போது காலை வெயில் மொத்தமும் இடது பக்கம்தான். ராஜபாளையம் போய்ச் சேருவதற்குள் உங்கள் காதில் அப்பளம் பொரிக்கலாம். வாருங்கள், பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

வெயிலைப் பற்றி இந்த வருஷம் நான் கொஞ்சம் அதிகமாக யோசித்துவிட்டேன். யோசிக்க வைத்துவிட்டார்கள்.

பெயர் அம்பலவாணன். பத்திர எழுத்தராக இருந்தேன். "கிழக்கே இன்னார் வீடு, மேற்கே பொதுப் பாதை, இதன் மத்தியில் உள்ள மனை" என்று ஆயுசு முழுக்க எழுதியதில், வாயைத் திறந்தாலே முத்திரைத்தாள் வாசனை அடிக்கிறது என்பாள் என் மனைவி சங்கரேஸ்வரி. அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். பேச்சு என்றால் நான்கு எல்லையும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கேட்பவனுக்கு எப்படித் தெரியும்?

இன்றைக்கு எங்கே போகிறேன் என்றால், மகளைக் கூட்டிவரப் போகிறேன். எழிலரசி, ஒரே பெண், ராஜபாளையத்தில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம். வைகாசி கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். முறைப்படி பங்குனியில் வளைகாப்பு முடிந்த அன்றைக்கே எங்களோடு வந்திருக்க வேண்டிய பெண். வரவில்லை. அனுப்பவில்லை. அதுதான் கதை.

யார் அனுப்பவில்லை? சம்பந்தியம்மா. ராஜாமணி அம்மாள். நல்ல மனுஷிதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்த அம்மாள் இருக்கிற தெருவில் மலைக்காற்று வரும். மலைக்காற்று வருகிற தெருவில் இருப்பவர்களுக்கு ஒரு மிதப்பு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா?

வளைகாப்புக்கு வேன் பிடித்துப் போயிருந்தோம். புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு என்று கட்டுச்சோறு வகை வகையாக. எல்லாம் முடிந்து, மகள் கை நிறைய வளையலோடு எழுந்து நிற்கிறாள், நாங்கள் கிளம்புகிற நேரம். ராஜாமணி அம்மாள் வாசலில் வந்து நின்று சொன்னார்:

"சம்பந்தி, கோவிச்சுக்கக் கூடாது. பிள்ளைய அனுப்புறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க வீட்ட நெனச்சாத்தான் பயமா இருக்கு."

"எங்கள் வீட்டுக்கு என்ன?" என்றேன்.

"போன சித்திரையில ஒரு மத்தியானம் உங்க வீட்டுல இருந்தேனே, ஞாபகம் இருக்கா? இட்லிக் கொப்பரைக்குள்ள உக்காந்த மாதிரி. ஊருக்கு வந்து ஒரு வாரம் வேர்க்குருவச் சொறிஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். வயித்துப் பிள்ளைக்காரிய அதுக்குள்ள விட்டா, பிள்ளை வெந்துல்ல வெளிய வரும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் விடவில்லை. ஒரு தவறு நாலு பேர் முன்னால் நடந்தால் நாலு பேர் முன்னாலேயே திருத்திவிட வேண்டும். "சம்பந்தியம்மா, இட்லிக் கொப்பரை என்பது ஈரச்சூடு. எங்கள் வீட்டில் இருப்பது வறண்ட சூடு. ஆகவே செங்கல் சூளை என்று சொல்வதுதான் பொருத்தம்" என்றேன்.

என் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கர்ப்பிணிகளுக்கு அடிக்கடி தலைவலி வரும்.

"பாத்தீங்களா, சம்பந்தியே ஒத்துக்கிட்டாரு" என்றார் ராஜாமணி அம்மாள். "வீடு குளுந்ததும் சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்."

வேனில் திரும்பி வந்தோம். மகளின் முதுகுக்கு அண்டக் கொடுக்க என்று சங்கரேஸ்வரி ஒரு தலையணை கொண்டுபோயிருந்தாள். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. ஆனாலும் வழி நெடுக அந்தத் தலையணையை மடியிலேயே வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். வயிறு சரியில்லையா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். சரி, ஒன்றுமில்லை போல என்று விட்டுவிட்டேன். அவள் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ரகம் இல்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் தம்பி, வீடு சூளைதான். வாரியம் கட்டிக்கொடுத்த குடியிருப்பு. மூன்று மாடி. எங்களுக்கு மேல் மாடி, அதற்கு மேலே மொட்டை மாடி, அதற்கு மேலே சூரியன். இடையில் வேறு யாரும் கிடையாது. பழங்காலத்தில் பாலை நிலம் என்று தனியாக ஒன்று இல்லை, மற்ற நிலங்கள் வறண்டு போனால் அதுவே பாலை என்பார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீடு மார்கழியில் மருதம், மாசியில் முல்லை, பங்குனி பிறந்தால் பாலை. மின்விசிறி போட்டால் மேலே இருக்கிற சூட்டைச் சுருட்டிக் கீழே இறக்கும், அவ்வளவுதான். அதற்கும் கரண்ட் பில் வரும்.

அப்போதுதான் எங்கள் நகராட்சியில் அந்த மானியம் வந்தது. வருமானம் குறைந்த வீடுகளுக்கு மட்டும். மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பூச்சு பூசித் தருவார்கள். பூச்சு சரியாக வேலை செய்கிறது என்று அதிகாரி வந்து சோதித்துப் பார்த்து பாஸ் செய்தால், பழைய மின்விசிறியை வாங்கிக்கொண்டு, கரண்ட் குறைவாக இழுக்கிற புது மின்விசிறி வீட்டுக்கு ஒன்று. நாம் காசு தர வேண்டியதில்லை. நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். விடுவேனா? விண்ணப்பத்தில் "வீட்டின் நிலை" என்று ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள். நான் தனித்தாளில் வீட்டின் நிலையை வெயிலின் வரலாற்றோடு சேர்த்து எழுதி இணைத்தேன். எங்கள் பிளாக்கைத்தான் முதலில் எடுத்தார்கள். என் எழுத்துதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் பிளாக் நம்பர் ஒன்று என்பதால்தான் என்று கீழ்வீட்டு பாக்கியம் சொல்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும்.

உடனே ராஜாமணி அம்மாளுக்கு போன் போட்டேன். "வீடு குளிரப் போகிறது. சாதாரணமாக இல்லை, அரசு அதிகாரியே நேரில் வந்து அளந்து பார்த்து பாஸ் செய்வார்" என்றேன்.

"அப்படியா? சரி, அதிகாரி பாஸ் பண்ணட்டும் சம்பந்தி, நான் அனுப்புறேன்" என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சங்கரேஸ்வரி நிற்கிறாள். "வீடு குளுந்துருச்சுன்னு மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா? அதிகாரிய எதுக்கு நடுவுல இழுத்தீங்க?" என்றாள். ஆதாரம் இல்லாத சொல்லுக்கு மதிப்பு இல்லை என்று விளக்கினேன். அவள் துவைத்த துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

பூச்சு பூசினார்கள். அடடா! தம்பி, அந்த வெள்ளையை நீங்கள் பார்க்க வேண்டும். மொட்டை மாடி முழுக்க ஒரே வெள்ளை. மத்தியானம் போனால் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் நிற்க முடியும். செருப்போடு ஏறக்கூடாது என்று பூசியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறை போட்டுக்கொண்டு ஏறுவேன். விதியும் காப்பாற்றப்பட்டது, காலும் காப்பாற்றப்பட்டது.

குடியிருப்பில் எல்லாரும் ஏறி வந்து பார்த்தார்கள். எதிர் பிளாக்குக்காரர்கள் அவர்கள் மாடியில் நின்று பார்த்தார்கள். அங்கேதான் பிடித்தது சனி. பாக்கியம் இருக்கிறாளே, கீழ்வீடு, சங்கரேஸ்வரிக்கு உடன்பிறக்காத தங்கச்சி மாதிரி, அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணாச்சி, இம்புட்டு வெள்ளையா இருக்கே, கண்ணு பட்டுராதா? எதிர் பிளாக்கு பார்வைய பாருங்க. நம்ம எழிலு வேற பிள்ளைத்தாச்சியா வந்து இதுக்குக் கீழதான் படுக்கப் போகுது. ஒரு பொட்டு வச்சுருவோம்."

எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. பார்வை என்பது ஒளி கண்ணுக்குள் போவது. கண்ணிலிருந்து எதுவும் வெளியே வருவதில்லை. இதை நான் அங்கேயே விளக்கினேன். பாதிப் பேர் கீழே இறங்கிப் போனார்கள். மீதிப் பேர் பொட்டு வேண்டும் என்று கை தூக்கினார்கள். சங்கத்தில் பெரும்பான்மைதான் முடிவு. செயலாளர் தன் சொந்தக் கருத்தைத் திணிக்கக்கூடாது.

அளவில் தகராறு வந்தது. ஒருவர் ரூபாய் நாணயம் போதும் என்றார். அவ்வளவு சின்னது எதிர் பிளாக்குக்குத் தெரியாது, தெரியாத பொட்டுக்கு வேலை என்ன என்றாள் பாக்கியம். ரூபாய் நாணயம் சோற்றுத்தட்டாகி, சோற்றுத்தட்டு தோசைக்கல்லாகி, தோசைக்கல் அளவில் தீர்மானம் நிறைவேறியது. பாக்கியத்தின் வீட்டுக்காரர் ரோடு போடுகிற வேலைக்குப் போகிறவர். ஒரு டப்பாவில் தார் கொண்டுவந்தார். மையெல்லாம் மழையில் போய்விடுமாம், தார் நிற்குமாம்.

"எங்கன வைக்க?" என்று கேட்டார், ஏதோ ஒரு மூலைக்குப் போய்க்கொண்டே.

"நில்லுங்கள்" என்றேன். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காரியத்தை நம்பாமல் செய்தாலும் சரியாகச் செய்ய வேண்டும் தம்பி. கண்ட இடத்தில் வைத்தால் அது கறை. நடுவில் வைத்தால்தான் பொட்டு. வீட்டுக்குப் போய் நூல்கண்டு எடுத்துவந்தேன். வடகிழக்கு மூலையிலிருந்து தென்மேற்கு மூலைக்கு ஒரு நூல். வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கு ஒரு நூல். இரண்டும் வெட்டிக்கொள்கிற புள்ளிதான் மாடியின் மையம். அங்கே வைக்கச் சொன்னேன். ஒரு விரல் கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கிடையாது. அன்றைக்கு நீங்கள் வந்திருந்தால் அளந்தே பார்த்திருக்கலாம்.

சங்கரேஸ்வரி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓரமா வைக்கலாம்ல?" என்றாள். ஓரத்தில் யாராவது நெற்றிப் பொட்டு வைப்பார்களா என்று கேட்டேன்.

நாலைந்து நாளில் அதிகாரி வந்தார். உதவிப் பொறியாளர், நஸ்ரீன் என்று சின்ன வயதுப் பெண். நல்ல சுறுசுறுப்பு. உச்சி வெயிலில் சோதனை. கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. எதைப் பார்த்துச் சுடுகிறதோ, அந்த இடத்துச் சூட்டை எண்ணில் காட்டும். சட்டப்படி என்னவென்றால், பூசின மாடியின் நட்ட நடுவில் ஒரு அளவு, பூசாத பக்கத்து மாடியின் நட்ட நடுவில் ஒரு அளவு. இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால் பாஸ்.

அந்தப் பெண் எதிர் பிளாக்குக்குப் போய் அளந்துவிட்டு, எங்கள் மாடிக்கு வந்தார். ஷூவுக்கு மேலே நீலத்தில் உறை மாட்டிக்கொண்டு மாடியில் இறங்கினார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பரவாயில்லையே சார்! வழக்கமா டேப் வச்சு நான்தான் நடு தேடணும். கான்ட்ராக்டர் மார்க் பண்ணியே வச்சிருக்காரே. கரெக்டாவும் இருக்கு!"

"கான்ட்ராக்டர் இல்லை. நான்தான். நூல் பிடித்து வைத்தேன்" என்றேன்.

"சூப்பர் சார். இவ்வளவு பர்ஃபெக்டா யாருமே பண்றதில்ல."

பாருங்கள், படித்தவர்களுக்குப் படித்தவர்கள் அருமை தெரிகிறது. பொட்டு எதற்காக வைத்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது பத்திர எழுத்தருக்கு அழகில்லை. அதோடு, அறிவியல் கருவியைக் கையில் வைத்திருக்கிற ஒரு பெண்ணிடம் போய், ஒரு சங்கச் செயலாளர், திருஷ்டி என்று ஆரம்பித்தால் என்ன மரியாதை?

அந்தப் பெண் பொட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, அதையே குறி பார்த்து, சுட்டார். எண்ணைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. மறுபடி சுட்டார்.

"சார், எதிர் மாடி ஐம்பத்தாறு. உங்க மாடி அறுபத்து நாலு."

"அப்படியென்றால்?"

"பூசாத மாடிய விட பூசின மாடி சூடா இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவி பழுது என்றேன். புதுசு என்றார். எதிர் மாடியை அளந்து கால் மணி நேரம் ஆகிவிட்டது, இதற்குள் சூரியன் ஏறியிருக்கும் என்றேன். இவ்வளவு ஏறாது என்றார். நடு என்பது நூலால் கண்ட நடுவா, டேப்பால் கண்ட நடுவா என்று ஒரு சட்ட நுணுக்கத்தை எழுப்பினேன். இரண்டும் ஒன்றுதானே சார் என்றார். நானும் சளைக்கவில்லை, அவரும் சளைக்கவில்லை. நல்ல தரமான வாதம். அந்த மாதிரி வாதம் செய்து வருஷக்கணக்காகிவிட்டது.

"கான்ட்ராக்டர் மட்டமான பூச்ச அடிச்சிருக்கார் போல. ரிஜெக்ட்தான் சார். திரும்பப் பூசச் சொல்லி, அடுத்த கட்டத்துல சேர்த்துப் பார்ப்போம்" என்றார் அந்தப் பெண்.

"அடுத்த கட்டம் எப்போது?"

"ஆடி தாண்டிரும்."

ஆடி! பிரசவம் வைகாசியில். அதிகாரி பாஸ் பண்ணினால் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார் சம்பந்தியம்மா. இப்போது அதிகாரியே "சூடு அதிகம்" என்று எழுதப் போகிறார். இந்தச் செய்தி ராஜபாளையம் போனால் அந்த அம்மாள் மலைக்காற்றில் உட்கார்ந்து எப்படிச் சிரிப்பார் என்று யோசித்தேன். வாய் அடைத்துவிட்டது. எனக்கு வாய் அடைப்பது அபூர்வம்.

அந்த நேரம் பார்த்து சங்கரேஸ்வரி ஒரு செம்பில் நீர்மோரும் தம்ளரும் எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். ஆடி என்று அந்தப் பெண் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். கடைசிப் படியில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மாடியில் இறங்கி நடந்து வந்தாள். நேராக வந்தவள், பொட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் மட்டும் சுற்றிக்கொண்டு வந்து, தம்ளரை நீட்டினாள்.

"மோர் குடிம்மா. வெயில்ல வந்திருக்க."

அந்தப் பெண் தம்ளரை வாங்கவில்லை. சங்கரேஸ்வரியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, வெறுங்காலோட வந்தீங்களா?"

"ஆமா. செருப்புப் போடக்கூடாதுன்னாங்களே."

"சுடலையா?"

"இது எங்க சுடுது? முன்னாடி இந்நேரம் துணி எடுக்க வந்தா தவ்வித் தவ்வித்தான் ஓடணும். இப்ப நின்னே மடிச்சு எடுத்துட்டுப் போறேன். அந்தக் கறுப்ப மட்டுந்தாம்மா மிதிக்க முடியல, அது கொள்ளியா இருக்கு."

"அந்தக் கறுப்பா? அது நடுவுக்கு வச்ச மார்க்குதானே?"

"மார்க்கா? திருஷ்டிப் பொட்டும்மா அது. தார். எங்க பாக்கியம் கேட்டுச்சுன்னு வச்சது. ஓரமா வைங்கன்னேன், இவுகதான் நூலெல்லாம் பிடிச்சு நட்ட நடுவுல வச்சாக. ஒரு சாண் தள்ளிச் சுட்டுப் பாருங்களேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு பொட்டைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர்தான் தம்பி, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சார், திருஷ்டிப் பொட்டுக்கு டெம்பரேச்சர் எடுத்த ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்!" என்றார். எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மரியாதைக்கு நானும் சிரித்துவைத்தேன்.

ஒரு சாண் தள்ளிச் சுட்டார். முப்பத்தொன்பது! நாலு பக்கமும் சுட்டார். நாலு பக்கமும் அப்படித்தான்.

இதில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் மட்டும் நுணுக்கமாக வாதம் செய்து அந்தப் பெண்ணைக் கால் மணி நேரம் அங்கேயே நிறுத்தி வைத்திருக்காவிட்டால், சங்கரேஸ்வரி மோர் கொண்டுவருவதற்குள் அவர் இறங்கிப் போயிருப்பார். ரிஜெக்ட் என்று எழுதியிருப்பார். அப்புறம் மோர் வந்து என்ன, வெறுங்கால் வந்து என்ன? இதை அன்று ராத்திரி சங்கரேஸ்வரியிடம் சொன்னேன். "ஆமாமா, நீங்க இல்லன்னா இது நடந்திருக்கவே நடந்திருக்காது" என்றாள். எதையும் எளிதில் ஒத்துக்கொள்கிற ரகம் இல்லை அவள். அவளே ஒத்துக்கொண்டாள்.

பாஸ் போடுவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை வைத்தார் அந்தப் பெண். பொட்டை எடுத்துவிட வேண்டும், அந்த இடத்தில் பூச்சைத் தடவிவிட வேண்டும். எடுக்கிறதா! பாக்கியம் படியில் உட்கார்ந்துவிட்டாள். "வச்ச பொட்ட அழிக்கிறது நல்லதில்ல. பிள்ளைத்தாச்சி வர்ற வீடு. நான் ஒத்துக்க மாட்டேன்." நான் மறுபடி கண், ஒளி, பார்வை என்று தொடங்கினேன். சங்கரேஸ்வரி என் தோளைத் தட்டினாள்.

"பாக்கியம், இங்கன பாரு. நம்ம தண்ணித் தொட்டி என்ன கலரு?"

பாக்கியம் பார்த்தாள். மாடி மூலையில் கறுப்புத் தொட்டி, யானை கால் மடக்கி உட்கார்ந்த மாதிரி.

"அத விடவா பெரிய பொட்டு வேணும்? எதிர் பிளாக்கு என்ன, ஏரோப்ளேன்ல போறவனுக்கே தெரியும்."

"அதுவும் சரிதான்க்கா" என்று பாக்கியம் எழுந்து, தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே ஒரு கரண்டியை எடுத்துவந்து தாரைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தெரிந்து அந்தத் தொட்டி மையத்தில் இல்லை. வடமேற்கு மூலையில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வந்தபோது சங்கரேஸ்வரி என் கையில் மோர்த் தம்ளரைக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரமே மின்விசிறியும் வந்து மாட்டிவிட்டார்கள். சத்தமே கிடையாது. ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு முன்னால் இருந்த வீடே இல்லை. சில்லென்று இருக்கிறது என்று சொன்னால் அது மிகை, நான் மிகை சொல்ல மாட்டேன். மத்தியானம் மனுஷன் மாதிரி உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். அவ்வளவு.

சம்பந்தியம்மாவுக்கு போன் போட்டு, பாஸ் ஆகிவிட்டது என்று சொன்னேன். அந்த அம்மாள் லேசில் விடுவாரா? "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன் சம்பந்தி" என்றார். வந்தார். எப்போது வந்தார் தெரியுமா? அக்னி நட்சத்திரம் பிறந்த அன்றைக்கு, உச்சி மத்தியானம். வேண்டுமென்றேதான். கையில் துண்டு வேறு, வேர்வையைத் துடைக்க.

சங்கரேஸ்வரி மின்விசிறிக்கு நேர் கீழே பாய் விரித்தாள். சோறு போட்டாள், சுண்டைக்காய் வற்றல்குழம்பு, அப்பளம். நான் பூச்சின் தத்துவத்தை விளக்கத் தொடங்கினேன். வெள்ளை ஏன் வெப்பத்தை வாங்காது என்கிற இடத்துக்கு வந்தபோது பார்த்தால், சம்பந்தியம்மா தூங்கிவிட்டார். துண்டு மடித்தது மடித்தபடி தலைமாட்டில் கிடக்கிறது. சாயங்காலம் காபி வாசனைக்குத்தான் முழித்தார். முழித்து, மேலே ஒரு முறை பார்த்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"அவ்வளவா ஒண்ணும் சுடல" என்றார். அவ்வளவுதான். பஸ் ஏறிப் போய்விட்டார். அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் போன் வரவில்லை. சங்கரேஸ்வரி தினம் மகளின் படுக்கையைத் தட்டிப் போடுவாள், மறுபடி மடித்து வைப்பாள். தூசி சேரக்கூடாது என்பதற்காக இருக்கும். நேற்று ராத்திரி நான் ஒரு முடிவு எடுத்தேன். நேரில் போய், எதிர்வாதங்களுக்கெல்லாம் பதில் தயாராக வைத்துக்கொண்டு, முறைப்படி கேட்பது. பாருங்கள், பையில் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் கிளம்பும்போது சங்கரேஸ்வரி சொன்னாள், "எதையும் வாசிக்காதீங்க. போய்ச் சும்மா நில்லுங்க. போதும்." பெண்களுக்கு வாதத்தின் அருமை...

ஒரு நிமிஷம் தம்பி, போன் அடிக்கிறது. அவள்தான்.

சொல்லு. ஆமாம், ஊருக்குள் வந்துவிட்டது. என்ன? இப்போதா பேசினார்கள்? அனுப்புகிறார்களா! நான் இன்னும் ஒன்றுமே பேசவில்லையே. பஸ் ஸ்டாண்டுக்கே வருகிறார்களா? யார் யார்? சம்பந்தியம்மாவுமா? வழியனுப்பவா? பிரசவம் முடிகிற வரைக்குமா! எங்கே படுப்பார்? மின்விசிறிக்குக் கீழே என்றால், அது நான் படுக்கிற இடம். சரி, நான் எங்கே? மொட்டை மாடியிலா? என்ன சிரிப்பு? சரி, சரி. நீ அழுகிறாயா சிரிக்கிறாயா, சரியாகக் கேட்கவில்லை. வை. வந்து பேசுகிறேன்.

பார்த்தீர்களா தம்பி! வாதமே செய்யாமல் வழக்கு ஜெயித்துவிட்டது. நான் கிளம்பி வருகிறேன் என்று தெரிந்ததுமே அந்த அம்மாள் யோசித்திருப்பார், இவரிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று. மொட்டை மாடியில் படுப்பதில் எனக்கு ஒன்றும் குறையில்லை. ராத்திரி அந்த வெள்ளையில் பாய் விரித்தால் எப்படி இருக்கும் என்று எழுதி வைக்க ஒரு ஆள் வேண்டாமா?

கொஞ்சம் வழி விடுங்கள், இறங்க வேண்டும். அதோ, அதோ பாருங்கள், டீக்கடைக்கு முன்னால். பச்சைப் புடவை, அதுதான் எழில். வயிற்றைப் பாருங்கள்! எவ்வளவு பெரிதாகிவிட்டது. பக்கத்தில் இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு குடை பிடித்து நிற்பதுதான் சம்பந்தியம்மா.

ஆனால் ஒன்று, அந்த அம்மாளுக்குக் குடை பிடிக்கவே தெரியவில்லை தம்பி. நன்றாகப் பாருங்கள். இருவர் நிற்கிறார்கள் என்றால் நடுவில் பிடிக்க வேண்டும். இவர் மொத்தக் குடையையும் என் மகள் தலைக்கு மேலே சாய்த்துப் பிடித்திருக்கிறார். அவர் தலையில் வெயில் கொளுத்துகிறது, வேர்வை வழிகிறது, இன்னொரு கை என் மகள் தோளில், துடைக்கக் கூட கையில்லாமல் நிற்கிறார். எவ்வளவு நேரமாக இப்படி நிற்கிறாரோ. இறங்கியதும் முதல் வேலை, அதைத் திருத்த வேண்டும்.